குழிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்தூபி

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை கேட்டிருக்கேன். ஓநாய்க்காக மனுஷன் அழுறதை இப்பத்தான் சார் பார்க்கிறேன்" என்றார் டீக்கடைக்காரர். நான் பெஞ்சில் விரித்து வைத்திருந்த பத்திரிகையில் முழுப் பக்கத்துக்கு ஓர் ஓநாய் நின்றுகொண்டிருந்தது.

அவருக்கு ஏழு வெள்ளாடு உண்டு. கடைக்குப் பின்னால் தகரத்தையும் பனைமட்டையையும் வைத்து அடைத்த பட்டி. போன மாதம் ஒருநாள் ராத்திரி தெருநாய்கள் உள்ளே புகுந்து இரண்டு குட்டிகளைக் குதறிப் போட்டுவிட்டன. அதனால் அவர் கிண்டலாகக் கேட்டாலும் என்னால் சிரித்து மழுப்ப முடியவில்லை. "ஆட்டைப் பறிகொடுத்தவன்கிட்ட போய், ஓநாயைக் காப்பாத்துப்பான்னு சொன்னா அவன் என்ன சார் சொல்லுவான்?" என்று அடுத்ததையும் கேட்டார். இதற்குப் பதில் சொல்லி முடிக்க இரண்டு டீ ஆயிற்று. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படத்தில் இருந்தது லடாக்கின் ஓநாய். தக்காணத்துப் பொட்டல்களில் திரிகிற ஒல்லியான ஓநாய் வேறு, இது வேறு. இமயமலை ஓநாய் என்பார்கள். மூச்சு முட்டும் உயரத்திலேயே காலங்காலமாக வாழ்ந்து, குறைந்த பிராணவாயுவுக்கு உடம்பைப் பழக்கிக்கொண்ட வம்சம். மற்ற சாம்பல் ஓநாய்களிடமிருந்து வெகுகாலம் முன்பே பிரிந்துவிட்டது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2023-இல் இதைத் தனியே மதிப்பிட்டு, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தியா, நேபாளம், திபெத் எல்லாம் சேர்த்து வளர்ந்த ஓநாய்கள் 2,275 முதல் 3,298 வரைதான் இருக்கும் என்பது கணக்கு. பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு அதைவிட அதிகம் பேர் வந்து சாப்பிட்டுப் போவார்கள்.

கிழக்கு லடாக்கில் சுஷுல் என்று ஓர் ஊர். 1962 போரில் ரெசாங் லா சண்டை நடந்தது அதன் பக்கத்தில்தான். பெயர் காதில் பட்டிருக்கலாம். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் மீட்டருக்கும் மேலே. அந்தப் பக்கத்து ஊர்களின் மேய்ச்சல் ஓரங்களில் ஒரு விநோதமான கட்டுமானம் இருக்கிறது. பெயர் ஷாங்டோங். லடாக்கியில் ஓநாய்க்கு ஷாங்கு. டோங் என்றால் குழி. ஓநாய்க்குழி.

மண்ணை வெறுமனே தோண்டிவிட்ட பள்ளம் இல்லை அது. ஆள் உயரத்துக்கும் மேலே ஆழம், சுற்றிலும் கல்லடுக்கிய சுவர். சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் கிடையாது, கல்லின் மேல் கல். சூட்சுமம் சுவரின் சாய்வில் இருக்கிறது: அடியில் அகலமாக ஆரம்பித்து, மேலே வரவர உள்பக்கமாகக் கவிந்துகொண்டே வரும். ஊறுகாய்ச் சாடியை நினைத்துக்கொள்ளுங்கள். வயிறு பெருத்து, வாய் சிறுத்து. உள்ளே ஒரு ஆட்டை உயிரோடு இறக்கிவிடுவார்கள். தனியாக விடப்பட்ட ஆடு என்ன செய்யும்? ராத்திரி முழுக்கக் கத்தும். சத்தம் கேட்டு வரும் ஓநாய், குழிக்குள் குதித்துவிடும். குதிப்பது சுலபம். வெளியே வர ஓடிவந்து எழும்ப இடமில்லை. சுவரில் கால் வைத்து ஏறலாமென்றால் சுவரே தலைக்கு மேல் கவிந்து நிற்கிறது. விடிந்ததும் ஊர் கூடி, மேலிருந்து கல்லெறிந்து கொன்றுவிடும்.

கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கிறது. ஆனால் எறிந்தவர்கள் பௌத்தர்கள். உயிர்க்கொலை பாவம் என்று நம்புகிறவர்கள். எல்லோரும் சேர்ந்து எறிந்தால், எவன் கல்லில் செத்தது என்று எவனுக்கும் தெரியாது. அதில் அவர்களுக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆசைப்பட்டுச் செய்த வேட்டை இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "அவங்களுக்கு வேற என்ன சார் வழி?" என்றார். ஆட்டுக்காரன் வலி ஆட்டுக்காரனுக்குத்தான் தெரியும்.

சாங்பா என்கிற அந்த மேய்ப்பர்களின் சொத்தெல்லாம் நான்கு காலில்தான் நடக்கிறது. அவர்களுடைய வெள்ளாட்டின் அடிமயிரைச் சீவி எடுப்பதுதான் பஷ்மினா. ஆக, ஓர் ஆடு போனால் ஒருநாள் கறி போனது என்று அர்த்தமில்லை. வருஷா வருஷம் எடுக்க வேண்டிய மயிர், ஈன வேண்டிய குட்டிகள், பால் எல்லாம் சேர்ந்து போகிறது. அதைவிட மோசம், பட்டிக்குள் ஓநாய் புகுந்துவிட்டால் ஒன்றோடு நிற்காது. "திங்கிறதுக்கு ஒண்ணு போதும்தானே, எதுக்கு இத்தனையைக் கொல்லணும், கொழுப்புதானே?" என்று கேட்பார்கள். கொழுப்பில்லை. வெட்டவெளியில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை ஓடிவிடும். கண்ணெதிரே துள்ளும் இரை இல்லாமல் போகும்போது வேட்டை தானாக முடிகிறது. பட்டிக்குள் ஓட வழியில்லாமல் மீதி ஆடுகள் அங்கேயே மிரண்டு துள்ளுகின்றன. வேட்டையை நிறுத்து என்று ஓநாயின் மூளைக்குச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. தெருநாய் கோழிக்கூட்டில் செய்வதும் இதுதான்.

சட்டம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓநாய் இருக்கிறது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. ஆனால் நாலாயிரம் மீட்டர் உயரத்தில், குளிர்கால ராத்திரியில், சட்டம் போய்க் குழிக்குப் பக்கத்தில் காவல் நிற்க முடியாது.

இந்த இடத்தில்தான் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் உள்ளே வந்தார்கள். மைசூரில் தொடங்கிய அமைப்பு; லடாக்கில் வேலை செய்தவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள். இந்த முயற்சியைப் பற்றி 2021-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கர்மா சோனம். லடாக்கின் ஊர் ஊராகப் போய் எண்ணியதில் 94 ஷாங்டோங்குகள் கணக்கில் வந்தன. இவற்றை என்ன செய்வது? இடித்துத் தள்ளியிருக்கலாம். பத்துப் பேர், ஒரு கடப்பாரை, அரைநாள் வேலை. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடமும் அதுதான்.

தாத்தனும் பாட்டனும் அடுக்கிய கல் அது. இடி என்று சொன்னால், உன் தாத்தன் செய்தது குற்றம் என்று சொன்னதாகிவிடும். அதற்குப் பிறகு எந்த ஊரும் பேச்சுக்கு வராது. சுஷுல் மக்களோடும், அவர்கள் மதிக்கும் மதகுருமார்களோடும் பேசிப் பேசி, கடைசியில் குழி அப்படியே இருக்கட்டும், சுவரில் ஒரு பக்கம் மட்டும் கல்லைப் பிரித்து வழி விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. பக்கத்திலேயே ஊரார் ஒரு ஸ்தூபி கட்டினார்கள். லாமாக்கள் வந்து பூஜை செய்தார்கள். 2017, 18 வாக்கில் நடந்தது இது. கொன்ற ஓநாய்களுக்கு அது பிராயச்சித்தம். அதே சமயம், இனி அந்த இடத்தில் ரத்தம் சிந்தக் கூடாது என்பதற்கு அடையாளம். ஸ்தூபியின் நிழல் விழும் குழியில் யார் போய் ஆட்டைக் கட்டுவார்கள்? நம் ஊரில் வெட்டக் கூடாத மரத்துக்கு மஞ்சள் துணி கட்டிவிட்டால் கோடரியோடு எவனாவது கிட்டே போகிறானா, அந்த மாதிரி.

"ஸ்தூபி கட்டிட்டா ஓநாய் ஆடு திங்காதா?"

இரண்டாவது டீ வந்திருந்தது. திங்கும் அண்ணே, என்றேன். ஸ்தூபி மனிதனின் கையைத்தான் கட்டும். ஓநாயின் வாயைக் கட்டுவதற்கு வேறு ஏற்பாடு.

அந்த ஏற்பாடு கேட்கச் சப்பென்று இருக்கும்: பட்டிக்குக் கூரை. லடாக்கின் பழைய பட்டிகள் இடுப்பு, மார்பு உயரக் கல்சுவர்கள், மேலே வானம். ஓநாயும் ஏறிவிடும், பனிச்சிறுத்தை கேட்கவே வேண்டாம். சுவரை உயர்த்தி, மேலே மரச்சட்டம் போட்டுக் கம்பி வலை விரித்து, சந்து விடாமல் மூடும் கதவு ஒன்று வைத்துவிட்டால் ராத்திரிச் சேதம் பெருமளவு நின்றுபோகிறது. லடாக்கில் பல ஊர்களில் இப்படிச் செய்திருக்கிறார்கள். பொம்மலாட்டம், சுவரொட்டி, விழிப்புணர்வு ஊர்வலம் எல்லாவற்றையும்விட ஒரு நல்ல கதவு ஓநாய்க்கு அதிக நன்மை செய்கிறது என்று நான் நினைக்கிறேன். ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறவன் குழி தோண்டப் போவதில்லை.

பகலில் மேய்ச்சலில் பறிபோவதற்கு என்ன செய்வது? அங்கே கண்காணிக்க ஆள் வேண்டும், ஆள்தான் இல்லை. பிள்ளைகள் படிப்பு, வேலை என்று லே பக்கம் போய்விட்டார்கள். நம் ராமநாதபுரத்துக் கீதாரிகளிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்: கிடைக்குக் காவல் படுக்க அடுத்த தலைமுறை இல்லை.

சேதம் நடந்தே தீரும் என்னும்போது, அதை யார் சுமப்பது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. அரசு இழப்பீடு உண்டு. அதை வாங்கப் படும் பாடும் உண்டு. செத்த மாட்டின் உடலைக் காட்ட வேண்டும், போட்டோ வேண்டும், அதிகாரி வந்து எழுத வேண்டும். அலுவலகமோ மலைக்கு அந்தப் பக்கம். கையில் வருகிற பணம் பஸ் கூலிக்கே சரியாகிவிடுகிறது என்று பலர் கேட்பதே இல்லை. இமாசலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் கிப்பர் என்ற ஊரில் 2002-இல் இதற்கு ஒரு மாற்று ஆரம்பித்தார்கள். சாருதத் மிஸ்ரா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஊராரோடு சேர்ந்து ஏற்படுத்திய கால்நடைக் காப்பீடு. யாக் வைத்திருப்பவர்கள் மாட்டுக்கு இவ்வளவென்று பணம் கட்டுவார்கள். நன்கொடையும் அதில் சேரும். சேதம் என்றால் ஊர்க் கமிட்டியே போய்ப் பார்த்துப் பணம் கொடுக்கும். இதில் ஒரு நயம் இருக்கிறது. சர்க்காரிடம் பொய்க் கணக்குச் சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. பாறையில் உருண்டு செத்த யாக்கை ஓநாய் கொன்றது என்று பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்ல முடியுமா? அவன் கட்டிய பணமும் அந்த உண்டியலில்தானே இருக்கிறது.

அதே கிப்பரில், ஊர் மேய்ச்சலில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, நீல ஆடு என்னும் காட்டு ஆடுகள் பெருக இடமும் ஒதுக்கினார்கள். அவை பெருகவும் செய்தன. காட்டில் இரை இருந்தால் ஊருக்குள் வராது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். ஆய்வாளர்கள் கணக்கை அப்படி மூடவில்லை. இரை பெருகினால் பனிச்சிறுத்தையும் பெருகும், வளர்ப்பு மிருகங்களின் சேதமும் கூடலாம் என்று அவர்களே எழுதினார்கள். தங்கள் திட்டத்துக்கே பாதகமான முடிவை மறைக்காமல் எழுதுகிறவர்களை நான் நம்புவேன்.

அதற்குள் டீக்கடைக்காரருக்குச் செய்தித்தாள் ஞாபகம் வந்துவிட்டது. "உ.பி.யில பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போச்சே சார், அது?"

அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 2024-இல் பஹ்ரைச் மாவட்டத்தில் நடந்தது. சில வாரங்களுக்குள் பல குழந்தைகள் இறந்தார்கள். ஓநாய் அப்பாவி, மக்கள்தான் மிகைப்படுத்துகிறார்கள் என்று பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சொல்ல எனக்கு வாய் வராது. மனிதனைக் கொல்லப் பழகிய ஓநாயைப் பிடித்தே ஆகவேண்டும். வனத்துறை பிடிக்கவும் செய்தது. ஆனால் அது சமவெளி ஓநாய்; ஆற்றோரக் கரும்புக்காடு, கதவில்லாத குடிசை, திண்ணையில் தூங்கும் குழந்தை என்று வேறொரு சூழ்நிலை. அங்கேயும் பிரச்சினையில் பாதி கதவுதான் என்பதைக் கவனியுங்கள். மொத்தமாகக் கொன்று தீர்ப்பதையும் ஒரு தரம் பார்த்தாயிற்று. 1875 முதல் 1925 வரை ஐம்பது வருஷத்தில், வெள்ளைக்காரன் தலைக்கு இவ்வளவென்று இனாம் வைத்ததில் சுமார் 2 லட்சம் ஓநாய்கள் கொல்லப்பட்டன என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்குச் சொல்கிறார்.

லடாக்கில் இன்றைக்கு ஓநாய்க்கு வந்திருக்கும் புது வினை குழி இல்லை, நாய். ராணுவ முகாம், ஹோட்டல், சுற்றுலாக் கூடாரம் எல்லாவற்றின் மிச்சச் சோற்றிலும் பெருகிய நாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. ஆட்டைக் கடிக்கின்றன, மனிதரையும் கடிக்கின்றன, பனிச்சிறுத்தை கொன்ற இரையைப் பிடுங்கித் தின்கின்றன. நாய் அடித்த ஆட்டுக்கும் பழி ஓநாய் மேலேயே விழுகிறது. போதாததற்கு ஓநாயோடு கலந்து குட்டியும் போடுகின்றன. அந்தக் கலப்புக்கு லடாக்கியில் ஒரு பெயரே வந்துவிட்டது: கிப்ஷாங். கி என்றால் நாய், ஷாங் ஓநாய். நோயையும் நாய்தான் கொண்டுவரும்.

நாய் என்றதும் அவர் அடுப்பை விட்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். "அந்தக் கம்பி வலை, கண்ணு எவ்வளவு அகலம் சார் இருக்கணும்?" என்று கேட்டார். கை நுழையாத அளவு இருந்தால் போதும், அதைவிடக் கதவுக்கு அடியில் சந்து இல்லாமல் பாருங்கள் என்றேன். டீக்குக் காசு வாங்கவில்லை.

இப்போதெல்லாம் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பைக்கிலேயே லடாக் போய்வருகிறார்கள். பாங்கோங் ஏரிவரை போகிறவர்களுக்கு சுஷுல் தூரமில்லை. வழியும் அனுமதியும் இருந்தால் அந்தக் குழியைப் பாருங்கள், ஸ்தூபியை வலமாகச் சுற்றி வாருங்கள். சாப்பாட்டில் மிஞ்சியதை மட்டும் அங்கே நாய்க்குப் போடாதீர்கள். பையில் கட்டி எடுத்து வந்துவிடுங்கள்.