அறுபது வாட்டில் ஓர் ஆட்டம்

கணினி விளையாட்டுப் பிரியர்களில் கைப்பொருள் சுருங்கியவர்கள் 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆவலோடு எதிர்பார்த்திருந்தது, வேகத்தில் முதலிடம் வகிக்கும் கிராபிக்ஸ் கார்டை அன்று. பழைய கணினிப் பெட்டியின் எளிய பவர் சப்ளையைத் துன்புறுத்தாமல், மதர்போர்டின் ஸ்லாட் தரக்கூடிய 75 வாட்டிலேயே திருப்தியடைந்து, தனி மின்கம்பி கேளாமல் இயங்கும் சாதுவான ஒன்றையே. பிப்ரவரியில் 149 டாலர் விலையில் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 60 வாட் கணக்கில் அந்த மனோரதத்தைப் பூர்த்தி செய்தது. முந்தைய 650 டிஐ 110 வாட் கேட்டதை நினைத்தால் இது அற்ப விஷயமன்று. இத்தனைக்கும் சிப்பின் உற்பத்தி முறை பழைய 28 நானோமீட்டரே. மாக்ஸ்வெல் என்னும் விஞ்ஞானியின் நாமம் தாங்கிய புதிய அமைப்பு, 2 மெகாபைட் கேஷ் நினைவகத்தைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு, வெளி நினைவகத்துக்கு அடிக்கடி ஓடும் பிரயாசையைக் குறைத்தது அதன் ரகசியங்களுள் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், கார்டு தயாரிப்பாளர்கள் சிலர், பழக்கதோஷமோ என்னவோ, தனி மின்கம்பிக்கான இணைப்பையும் சேர்த்தே விற்றார்கள்.