கணினியைப் புதுப்பித்த மறுநாள் வேலை ஏன் மெதுவாகிறது?

ஞாயிற்றுக்கிழமை இரவு சர்வர் புதுப்பிக்கப்படுகிறது. திங்கட்கிழமை காலை கிளினிக் முகப்பிடத்தில் வரிசை நீள்கிறது. "சிஸ்டம் இன்றைக்கு மெதுவாக இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்கிறார் முகப்பிட ஊழியர். நிர்வாகிக்குக் கோபம் வருகிறது. "நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் தொட்டீர்கள்?" என்று கணினிப் பிரிவைக் கேட்கிறார். அடுத்த முறை புதுப்பிப்பு வரும்போது அது தள்ளிப்போடப்படுகிறது.

பல நிறுவனங்களில் நடப்பது இதுதான். நிர்வாகியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் எடுக்கும் முடிவு சரியானதா என்பதே கேள்வி.

இரண்டு வகை மெதுவு

நோயாளிகளின் பதிவு, சம்பளக் கணக்கு, கடையின் இருப்பு ஆகியவற்றைச் சேமித்து, கேட்டவுடன் எடுத்துத் தருவது தரவுத்தளம். அது விண்டோஸ், லினக்ஸ் போன்ற ஓர் இயங்குதளத்தின் மேல்தான் ஓடுகிறது. தரவுத்தளம் வீடு என்றால் இயங்குதளம் அதன் அஸ்திவாரம். அஸ்திவாரத்தில் கை வைத்தால் வீட்டில் அதிர்வு தெரியும்.

அந்த அதிர்வு எப்போதும் கோளாறாக இருப்பதில்லை. அடிக்கடி கேட்கப்படும் தகவல்களைத் தரவுத்தளம் நினைவகத்தில் தயாராக வைத்திருக்கும். புதுப்பிப்புக்காக சர்வரை நிறுத்தித் தொடங்கியவுடன் அந்த நினைவகம் காலியாகிவிடும். காலையில் வரும் முதல் கேள்விகளுக்கு ஒவ்வொரு முறையும் வட்டில் தேடித்தான் பதில் சொல்ல வேண்டும். நினைவகம் நிரம்ப நிரம்ப வேகம் தானாகத் திரும்பிவிடும். இது முதல் வகை. பதற்றம் தேவையில்லை.

மதியமாகியும், மறுநாளாகியும் வேகம் திரும்பவில்லை என்றால் அது இரண்டாம் வகை. அப்போது புதுப்பிப்பு எதை மாற்றியது என்று பார்த்தாக வேண்டும்.

2018 ஜனவரியில் நடந்தது

இரண்டாம் வகைக்கு மிகத் தெளிவான சான்று, 2018 ஜனவரி 3ஆம் தேதி உலகுக்குத் தெரியவந்த 'மெல்ட்டவுன்' என்னும் குறை. 1995க்குப் பின் வந்த பெரும்பாலான இன்டெல் புரோசசர்கள் இதற்கு உள்ளாகக்கூடியவை என்று கண்டறியப்பட்டது. இயங்குதளத்தின் கெர்னல் என்னும் மையப்பகுதி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் ரகசியங்களைச் சாதாரண மென்பொருள் ஒன்று மறைமுகமாகப் படித்துவிட முடியும் என்பதே ஆபத்து.

அதுவரை இருந்த ஏற்பாட்டை ஓர் அலுவலகத்துடன் ஒப்பிடலாம். எழுத்தர் மேசைக்கும் பதிவறைக்கும் இடையே ஒரு திரைச்சீலை மட்டும் தொங்கியது. புதுப்பிப்பு அந்த இடத்தில் சுவர் எழுப்பிப் பூட்டும் போட்டது. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் பூட்டைத் திறக்க வேண்டும், வெளியே வந்ததும் பூட்ட வேண்டும்.

மேசையில் அமர்ந்து நாள் முழுக்கக் கணக்குப் போடுபவருக்கு இந்தப் பூட்டு ஒரு பொருட்டல்ல. நாளைக்கு ஆயிரம் கோப்புகளை எடுத்து வருபவருக்குத்தான் கால் வலிக்கும். தரவுத்தளம் அந்த இரண்டாமவரைப் போன்றது. வட்டிலிருந்து படிக்கவும், பதிலை வலையமைப்பில் அனுப்பவும் அது கெர்னலின் கதவை ஓயாமல் தட்டுகிறது.

ரெட் ஹாட் நிறுவனம் அந்த மாதம் வெளியிட்ட மதிப்பீடு இதை எண்களில் காட்டியது. சின்னச் சின்னப் பரிவர்த்தனைகளை இடைவிடாமல் செய்யும் தரவுத்தளங்களில் 8 முதல் 19 விழுக்காடு வரை வேகம் குறையலாம் என்றது. பெரிய அளவில் தரவை அலசும் பணிகளில் பாதிப்பு 3 முதல் 7 விழுக்காடுதான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் கதவு தட்டுவதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஒரு சோதனையை ஓட்டியபோது 17 விழுக்காடு குறைந்தது. புரோசசரின் உதவி வசதி ஒன்றை அணைத்துவிட்டு ஓட்டியபோது 23 விழுக்காடு குறைந்தது. ஒரே புதுப்பிப்பு எல்லாரையும் ஒரே அளவில் தாக்கவில்லை.

மெதுவைவிடப் பெரிய ஆபத்து

வேகம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். பதில் தவறினால் உடனே தெரியாது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28ஆம் பதிப்பு 2018இல் வந்தபோது சொற்களை வரிசைப்படுத்தும் விதிகள் மாறின. ஆங்கில அமைப்பில் முன்பு '11' என்பதற்குப் பின்னால் வந்த '1-1', இப்போது முன்னால் வந்தது.

சிறிய மாற்றம்தான். ஆனால் தரவுத்தளம் தேடுவதற்கு இண்டெக்ஸ் என்னும் வரிசைப் பட்டியலை நம்பியிருக்கிறது. பட்டியல் பழைய விதிப்படி இருக்க, தேடுவது புதிய விதிப்படி நடந்தால், இருக்கும் பதிவையே 'இல்லை' என்று சொல்லிவிடும். இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பல போஸ்ட்கிரெஸ் பயனர்கள் இண்டெக்ஸைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

அப்படியானால் தொடாமலே இருக்கலாமா?

அதற்கு விடை 2003 ஜனவரி 25ஆம் தேதியில் இருக்கிறது. மைக்ரோசாப்ட் எஸ்.கியூ.எல். சர்வரைத் தாக்கிய 'ஸ்லாமர்' என்னும் கணினிப் புழு, பத்தே நிமிடங்களில் தாக்கக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றை எட்டியது. குறைந்தது 75,000 கணினிகள் பாதிக்கப்பட்டன. அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கியின் ஏறத்தாழ 13,000 பண இயந்திரங்களில் வாடிக்கையாளர்கள் பணம் எடுக்க முடியாமல் தவித்தனர். அந்த ஓட்டை இயங்குதளத்தில் அல்ல, தரவுத்தள மென்பொருளில் இருந்தது. ஆனால் பாடம் ஒன்றே. ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2002 ஜூலையிலேயே வெளிவந்திருந்தது. ஆறு மாதம் கிடைத்தும் பலர் போடவில்லை.

என்ன செய்யலாம்?

புதுப்பிப்புக்கு முன்பே வேகத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும். காலை நேரத்தில் ஒரு பதிவைத் திறக்க எத்தனை வினாடி, மாதக் கடைசிக் கணக்குக்கு எத்தனை நிமிடம் என்ற இரண்டு எண்களே நல்ல தொடக்கம். முந்தைய எண் இல்லாமல் 'மெதுவாகிவிட்டது' என்று சொல்வது வெறும் புலம்பலாகவே முடியும்.

முதலில் சோதனைச் சர்வரில் போட்டுப் பார்ப்பது நல்லது. 2012இல் லினக்ஸ் 3.6இன் முன்னோட்டப் பதிப்பில் போஸ்ட்கிரெஸ் 20 விழுக்காடு மெதுவானதை ஒரு பயனர் அளந்து தெரிவித்தார். பதிப்பு முறையாக வெளிவருவதற்குள் அந்த மாற்றம் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒருவர் அளந்ததால் பலர் தப்பினர்.

பிரதி எடுத்து வைப்பதும், அதைத் திரும்ப ஏற்ற முடிகிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். பெரிய பதிப்பு மாற்றம் என்றால் இண்டெக்ஸையும் சரிபார்க்க வேண்டும். கூட்டம் அதிகமுள்ள திங்கட்கிழமைக்கு முந்தைய இரவைத் தவிர்த்து வேறு நாளைத் தேர்ந்தெடுப்பதும் விவேகம்.

பூட்டுப் போட்டால் நடை சற்றுக் கூடத்தான் செய்யும். அதற்காகக் கதவைத் திறந்தே வைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர் எவரும் இல்லை. எத்தனை அடி கூடியது என்று கணக்குப் பார்த்து, அதற்கேற்ப முகப்பிடத்தில் ஏற்பாடு செய்துகொள்வதே நிர்வாகிகள் செய்யவேண்டியது.