தோள் இறுக்கம்

காரைக்கால் கடற்கரையில் கிளிஞ்சல்மேட்டில், வலை இழுப்பதும் ஐஸ்பெட்டி தூக்குவதும் தோள் பலத்தால் நடக்கிற காரியங்களாதலால், தோள் வலிக்கிறதென்று ஒருவர் சொன்னால், வேலை செய்த அசதிதான், தைலம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று வீட்டார் ஆறுதல் கூறுவது சகஜம். அநேக சமயங்களில் அது மெய்யாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவொட்டாமல் இரவில் வலி எழுப்பிவிட, சில மாதங்களில் சட்டைக்குள் கை நுழைக்கவும், மீன் விற்கும் பெண்களானால் தலைக்கூடையைத் தாங்கிப் பிடிக்கவும் இயலாத நிலை வருமாயின், மூட்டின் உறையே அழற்சி கண்டு சுருங்கும் வியாதியென்று சந்தேகிக்க வேண்டும்.

புயத்து எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்தியிருக்க, இரண்டையும் சுற்றி மெல்லிய உறையொன்று போர்த்தியிருக்கிறது. கையை உயர்த்தும்போது விரிந்துகொடுக்கும்படி அது அக்குளருகே மடிப்புவிட்டுத் தளர்ந்திருப்பது இயற்கையின் விசேஷமான ஏற்பாடு. அழற்சியில் அம்மடிப்பு தடித்துச் சுருங்கிவிடுவதால் மூட்டுக்கு அசைய இடமில்லாமற் போகிறது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த 1872-இல், மூட்டைச் சூழ்ந்த திசுக்களின் அழற்சியே இத்தகைய தோள்களுக்குக் காரணமென்று பாரிஸ் வைத்தியர் துப்ளே எழுதினார். குற்றம் உறையில்தான் என்பதை 1945-இல் அமெரிக்கரான நெவியாசர் எடுத்துக்காட்டினார்.

இதைக் கண்டறியும் பிரதான கருவி வைத்தியரின் கையே என்பது என் உறுதியான அபிப்பிராயம். நோயாளியின் முழங்கையை மடக்கி விலாவோடு அணைத்து, முன்கையை வெளிப்புறம் திருப்பச் சொல்கிறார். பிறகு தாமே பிடித்து மெல்லத் திருப்பிப் பார்க்கிறார். நோயாளியால் முடியாததை வைத்தியரின் கை செய்துவிடுமானால், பழுது பெரும்பாலும் தசைநாரில்; பாரம் இழுத்துழைத்த தோள்களில் அடிக்கடி காண்பது இதுவே. இருவராலும் முடியாமல், தாழிட்ட கதவுபோல் ஓரிடத்தில் நின்றுவிடுமானால், உறை சுருங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். எக்ஸ்ரே படம் பெரும்பாலும் குறையற்றே தோன்றும். மூட்டுத் தேய்வு முதலியன இல்லையென்று நிச்சயிக்கவே அது எடுக்கப்படுகிறது. ரத்தத்தில் சர்க்கரையையும் சோதிப்பது அவசியம். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் காணும் இவ்வியாதி, நீரிழிவுக்காரரை மற்றவரினும் பன்மடங்கு பற்றுகிறது.

வலி கடுமையாயிருக்கும் ஆரம்ப மாதங்களில் மூட்டினுள் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசி நல்ல பலன் தரும். அது சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடுமாகையால் நீரிழிவுள்ளோர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வலிக்குப் பயந்து கழுத்தில் துணி கட்டிக் கையைத் தொங்கவிடுவது இறுக்கத்தை வளர்க்கும். ஆளை வைத்து முறுக்கி இழுத்துவிடுவதோ அதனினும் கெடுதல். மற்றக் கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, நோயுற்ற கையைத் தளரவிட்டுச் சிறு வட்டமாக ஆட்டுவதும், விரல்களைச் சுவரில் படிப்படியாக ஏற்றுவதும் தினந்தோறும் செய்யத்தக்கவை. ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் பெரும்பாலோருக்குப் போதிய அசைவு திரும்பிவிடுகிறது. திரும்பாதோருக்கு மயக்கமருந்து கொடுத்து, சிறு துளை வழியே உள்நோக்குக் குழாயைச் செலுத்தி, இறுகிய உறையை வெட்டித் தளர்த்துகிறார்கள். அதன்பின் தாமதமின்றிப் பயிற்சி தொடங்காவிட்டால் உறை மறுபடியும் இறுகிவிடும்.