முழங்கால் நோவு: சத்திரசிகிச்சைக்கு முன் செய்யக்கூடியவை

எக்ஸ்ரே படத்தைப் பார்த்து "சவ்வு தேய்ந்துவிட்டது" என்று ஒருமுறை சொல்லக் கேட்டால் போதும், எம்மவரில் பலர் நடையைக் குறைத்துவிடுகிறார்கள். முதலில் கோயிலுக்குப் போவது நிற்கும். பிறகு ஹை ரோட்டில் மரக்கறி வாங்கவும் மகனின் கார் வேண்டும். நோவை விட இதுவே எமக்குக் கவலை தருகிறது. நடக்காத காலில் தொடைத் தசை மெலியும். மெலிந்த தசை மூட்டைத் தாங்காது. நோ இன்னும் கூடும்.

படத்தில் தெரியும் தேய்வும் நோவும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதனால்தான் 45 வயதைத் தாண்டியவருக்கு நடக்கும்போது நோவும், காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேற்படாத விறைப்பும் இருந்தால், வழமையாக எக்ஸ்ரே தேவையில்லை என்று இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. அது முதலிடம் கொடுப்பது உடற்பயிற்சிக்கும் எடைக் குறைப்புக்கும்தான்.

பேராசிரியர் மைக் ஹேர்லி உருவாக்கிய 'எஸ்கேப் பெயின்' என்ற திட்டத்தில் வாரம் இருமுறை, ஆறு வாரம், மொத்தம் 12 வகுப்புகள். பயிற்சியோடு நோவைச் சமாளிக்கும் விளக்கமும் உண்டு. 418 பேரைக் கொண்ட ஆய்வு 2007இல் வெளியானது. வகுப்புக்குப் போனவர்களின் நடமாட்டம் மற்றவர்களை விட முன்னேறியிருந்தது.

வீட்டில் செய்ய இரண்டு போதும். கதிரையில் இருந்து ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் இழுத்து, ஐந்து வரை எண்ணி இறக்குங்கள், பத்துத் தடவை. அடுத்தது, கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது. தொடக்கத்தில் கொஞ்சம் நோகும், பயப்பட வேண்டாம். மறுநாளும் அந்த நோ அடங்காவிட்டால் அளவைக் குறையுங்கள். செவன் கிங்ஸ் பூங்காவில் நடப்பதற்குக் காசு கேட்பாரில்லை. பொல்லுப் பிடிப்பவர்கள் நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் மாறிப் பிடிக்கிறார்கள்.

ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் பாரம் ஏறத்தாழ நாலு கிலோ குறைகிறது. சோற்றைக் கைவிடச் சொல்லவில்லை, இரண்டாம் தடவை போடுவதை நிறுத்தலாம். சப்பாணி கட்டி இருந்துதான் பூசை பார்க்க வேண்டும் என்றும் இல்லை. கதிரை கேட்பதில் வெட்கமில்லை.

மருந்து என்றால் முதலில் இபுபுரோபன் அல்லது டைக்குளோபினக் ஜெல். சித்தாலேப தடவிச் சுகம் காண்பவர்கள் தடவட்டும், ஆனால் ஜெல் பூசிய இடத்தில் அல்ல. இபுபுரோபன் குளிசை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். பிரஷர், நீரிழிவு உள்ளவர்கள் கேட்காமல் விழுங்கக்கூடாது. பரசிற்றமோலை நைஸ் வழமையாகப் பரிந்துரைப்பதில்லை. குளுக்கோசமீனை வேண்டாம் என்றே சொல்கிறது. அந்தப் போத்தலுக்குக் கொடுக்கும் காசுக்கு நல்ல சப்பாத்து வாங்கலாம். ஸ்டீரோயிட் ஊசியின் பலன் சில வாரங்களே. நீரிழிவுக்காரருக்குச் சீனி சில நாட்கள் ஏறும்.

மூட்டு திடீரெனச் சிவந்து, சுட்டு, வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அது தேய்வு அல்ல. அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். இத்தனையும் செய்தும் நித்திரையும் நடமாட்டமும் கெட்டால் சத்திரசிகிச்சை பற்றிக் கேளுங்கள். ஜிபியிடம் பிசியோதெரபிக்கு அனுப்பும்படி கேட்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று சொல்லிவையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் மறித்துக் கூட்டிப்போகவும் தேவையில்லை.