ஆறாவது கட்டளை எது? ஞானோபதேசத்துக்கும் வேதாகமத்துக்கும் உள்ள உறவு

கிறிஸ்துமஸ் விருந்துக்கு உறவினர்கள் ஒரே வீட்டில் கூடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜாசினில் இருந்து வந்த அக்காள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். அலோர் காஜாவில் இருந்து வந்த தம்பி குடும்பமோ மெதடிஸ்ட். பிள்ளைகள் வேதாகமக் கேள்வி பதில் விளையாடுகிறார்கள். "ஆறாவது கட்டளை எது?" என்று ஒரு கேள்வி வருகிறது. "விபசாரம் செய்யாதே" என்கிறான் அக்காள் மகன். "தப்பு, கொலை செய்யாதே" என்கிறாள் தம்பி மகள்.

இருவரும் தங்கள் ஞாயிறு வகுப்பில் படித்ததைச் சரியாகவே சொன்னார்கள். ஆனால் பெரியவர்கள் இடையில் புகுந்தால் விளையாட்டு வினையாகிவிடுகிறது. "சுரூபங்களை வைத்துக்கொள்வதற்காக உங்கள் ஆட்கள் ஒரு கட்டளையையே எடுத்துவிட்டார்கள்" என்று தம்பி சொல்ல, "எங்கள் ஞானோபதேசம் என்ன பொய்யா?" என்று அக்காள் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். தோட்டத்து லயத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள் இதனால் பேச்சை நிறுத்திக்கொள்ளலாமா? உண்மை நிலை என்ன என்பதைப் பார்ப்போம்.

எண்களைப் போட்டது யார்?

பத்துக் கட்டளைகள் வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. ஒன்று, விடுதலைப் பயணம் 20ஆம் அதிகாரம். மற்றொன்று, இணைச் சட்டம் 5ஆம் அதிகாரம். பழைய மொழிபெயர்ப்பை வாசிப்பவர்கள் இவற்றை யாத்திராகமம், உபாகமம் என்று அறிவார்கள். கட்டளைகள் பத்து என்பதை வேதாகமமே சொல்கிறது. ஆனால் முதலாவது இது, இரண்டாவது இது என்று எண் போட்டுத் தரவில்லை. எண்ணும் முறையைப் பின்னால் வந்தவர்களே வகுத்தார்கள்.

வேற்றுத் தெய்வங்கள் வேண்டாம் என்பதையும் உருவங்களைச் செய்து வணங்க வேண்டாம் என்பதையும் ஒரே கட்டளையாக எண்ணுவது புனித அகுஸ்தீன் வழி. அவர் காலம் கி.பி. 354 முதல் 430 வரை. அந்த முறையில் கடைசியில் உள்ள ஆசை பற்றிய பகுதி இரண்டாகப் பிரிகிறது. பிறர் மனைவியை விரும்பாதே என்பது ஒன்பதாவது. பிறர் உடைமையை விரும்பாதே என்பது பத்தாவது. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் போன்ற சபைகள் உருவங்கள் பற்றியதைத் தனியாக இரண்டாவது கட்டளையாக எண்ணுகின்றன. ஆசை பற்றியதை ஒன்றாகச் சேர்த்துவிடுகின்றன. ஆகவே இடையில் உள்ளவை ஓர் எண் தள்ளிப் போகின்றன. யூதர்களின் எண்ணிக்கை முறை இந்த இரண்டிலும் சேராதது. சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரோ கத்தோலிக்க எண்ணிக்கையையே வைத்துக்கொண்டார். எனவே நம் நாட்டுத் தமிழ் லூத்தரன் ஒருவர் அந்த விருந்துக்கு வந்திருந்தால் அக்காள் மகன் பக்கம்தான் பேசியிருப்பார்!

சுரூபம் பற்றிய கேள்வி

தம்பியின் குற்றச்சாட்டில் ஒரு சிறு நியாயம் உண்டு. மனப்பாடத்துக்காகச் சுருக்கப்பட்ட ஞானோபதேசத்தில் முதல் கட்டளை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. உருவங்கள் பற்றிய வசனங்கள் அதில் இல்லை. அதை மட்டும் ஒப்புவித்த பிள்ளைக்கு அந்த வசனங்கள் வேதாகமத்தில் இருப்பதே தெரியாமல் போகலாம்.

ஆனால் இரண்டாம் அருள்சின்னப்பர் 1992இல் வெளியிட்ட 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி' நூலில் விடுதலைப் பயண வசனம், இணைச் சட்ட வசனம், மனப்பாட வாசகம் ஆகிய மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ளன. எது எங்கே சுருக்கப்பட்டது என்பதை யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஒளித்துவைக்க நினைப்பவர்கள் அப்படி அச்சிட மாட்டார்கள்.

சுரூபங்களை வைப்பதற்கும் அந்நூல் வேதாகமத்தில் இருந்தே காரணம் காட்டுகிறது. உருவங்கள் வேண்டாம் என்ற அதே கடவுள், உடன்படிக்கைப் பேழை மேல் கெருபுகளைச் செய்யச் சொன்னார். வெண்கலப் பாம்பை உயர்த்தச் சொன்னார். அதே சமயம் மக்கள் அந்தப் பாம்புக்கே தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா மன்னர் அதை உடைத்துப் போட்டதையும் வேதாகமம் சொல்கிறது. கத்தோலிக்கரும் மறக்கக் கூடாத பாடம் இது. சுரூபத்துக்குச் செலுத்தும் வணக்கம் அது யாரைக் காட்டுகிறதோ அவரைச் சேர்கிறது என்றும், ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது என்றும் 787ஆம் ஆண்டின் இரண்டாம் நிசேயா சங்கம் தெளிவுபடுத்தியது. இந்த விளக்கத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் சபையைப் பொறுத்தது. எப்படியானாலும் கட்டளை நீக்கப்பட்டது என்பது சரியல்ல.

தமிழில் எது முதலில் வந்தது?

தமிழருக்கும் மலாக்காவுக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் சரியாகத் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம் ஆகியவற்றைத் தமிழாக்கினார். பிறகு கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார். 1545இல் மலாக்கா வந்ததும் இதே வேலையை மலாய் மொழியில் செய்தார். 1552இல் அவர் இறந்த பிறகு, மறு ஆண்டு அவர் உடல் மலாக்காக் குன்றில் அடக்கம் செய்யப்பட்டு, பின்னர் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. செயின்ட் பால் குன்றின் இடிந்த தேவாலயத்தில் அந்த வெற்றுக் கல்லறையை இன்றும் காணலாம்.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' ஒரு ஞானோபதேச நூல்தான். அன்றிக்கே அன்றிக்கஸ் பாதிரியார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட அந்நூல் வெறும் 16 பக்கம் கொண்டது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதோ சீகன்பால்கு முயற்சியால் 1715இல் தரங்கம்பாடியில். இடைவெளி 137 ஆண்டுகள். எழுத்தறியாத மக்களுக்கு முழு வேதாகமத்தையும் கையில் கொடுக்க முடியாத காலத்தில், அதன் சாரத்தை வாய்ப்பாடமாகக் கொடுப்பதற்கு எழுந்ததே ஞானோபதேசம். மலாயாத் தோட்டங்களிலும் குருவானவர் எப்போதோதான் வருவார். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தவர் உபதேசியார்தான்.

எது மாறும், எது மாறாது?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. திருச்சபையின் போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதன்று, அதற்குப் பணி செய்வது. கத்தோலிக்கர் வேதாகமத்தோடு திருமரபையும் ஏற்கிறார்கள். பிற சபையினர் வேதாகமம் மட்டுமே போதும் என்கிறார்கள். உண்மையான கருத்து வேறுபாடு இங்கேதான் இருக்கிறது, எண்களில் இல்லை.

ஓர் உதாரணம். கொலை செய்யாதே என்ற கட்டளை மாறவில்லை. ஆனால் 1992இல் வந்த மறைக்கல்வி நூல் சில கடுமையான சூழல்களில் மரண தண்டனைக்கு இடம் தந்திருந்தது. 2018இல் போப்பாண்டவர் பிரான்சிஸ் அந்தப் பத்தியைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுதச் செய்தார். நம் நாட்டிலும் 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு, முடிவு நீதிபதியிடம் விடப்பட்டது. கட்டளை ஒன்றே, அதை விளக்கும் வார்த்தைகள் காலத்தோடு ஆழப்படுகின்றன.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஞாயிறு பூசை காண்பது, ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்வது, ஒருசந்தி இருப்பது போன்றவை திருச்சபைக் கட்டளைகள். இவற்றைத் திருச்சபையே ஏற்படுத்தியது. திருச்சபையே மாற்றவும் செய்யலாம். பத்துக் கட்டளைகளை அப்படி மாற்ற முடியாது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது பெற்றோரின் கடமை.

பாட்டி அன்று ஒப்புவித்ததைப் பேரப்பிள்ளைகள் இன்று ஆங்கிலத்திலோ மலாயிலோ படிக்கிறார்கள். பெற்றோர் செய்யக்கூடியது எளிது. மறைக்கல்விப் புத்தகத்தை மூடும் முன் விடுதலைப் பயணம் 20ஆம் அதிகாரத்தைத் திறந்து, ஒவ்வொரு கட்டளையும் எந்த வசனத்தில் இருக்கிறது என்று பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். அடுத்த விருந்தில் ஆறாவது கட்டளை பற்றிக் கேள்வி வந்தால், "உங்கள் எண்ணில் ஒன்று, எங்கள் எண்ணில் வேறொன்று, இரண்டும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன" என்று அந்தப் பிள்ளை சொல்லும். அக்காளும் தம்பியும் கடைசி வரை உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.