ஊரைவிட்டுப் போனவர்கள் கட்டிய ஊர்கள்

கிரீஸ் என்றதும் நீலக்கடலும் வெள்ளை வீடுகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நாட்டின் வடமேற்கில் யானினா நகரத்தில் கடல் கிடையாது. ஓர் ஏரி உண்டு. ஏரிக்கரையில் கோட்டை, அதற்குள் பழைய மசூதிகள், ஒரு யூத ஆலயம். அங்கிருந்து வடக்கே போனால் பிந்தோஸ் மலைகளில் ஸகோரி என்று அழைக்கப்படும் 46 கிராமங்கள். 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. சுற்றுலாக்காரர்கள் இவற்றை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள்: நகரம் வரலாற்றுக்கு, மலை இயற்கைக்கு. கிராமங்களை வர்ணிக்கும்போது 'வெளியுலகம் அறியாதவை' என்ற அடைமொழியும் தவறாமல் வந்துவிடும். ஆனால் அந்த அழகைக் கட்டியது பெருமளவுக்கு வெளியுலகத்துக் காசுதான்.

கீப்பி கிராமத்தைச் சுற்றியுள்ள கல் பாலங்களைப் பாருங்கள். பாறைகளுக்கு நடுவே ஒரே வளைவாக எழும் பாலம் 1750இல் கட்டப்பட்டது. செலவை ஏற்றவர் நூட்சோஸ் என்பவர். சற்றுத் தள்ளி மூன்று வளைவுகளோடு கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் நெளியும் பாலம் 1814இல் ஒரு துறவி கொடுத்த பணத்தில் எழுந்தது. 'துறவியின் பாலம்' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. சரக்கேற்றிய கோவேறு கழுதைகள் போய்வர வழி வேண்டியிருந்தது. அதற்கு யாரோ ஒருவர் மடியை அவிழ்த்தார். வெளியே போக்குவரத்து இல்லாத ஊருக்கு இத்தனை பாலங்கள் எதற்கு?

1430இல் ஆட்டமன் ஆட்சியின்கீழ் வந்தபோதும், வரி கட்டித் தங்கள் காரியங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் சலுகை இந்தக் கிராமங்களுக்குப் படிப்படியாகக் கிடைத்தது. ஆனால் கல் நிலத்தில் விளைச்சல் போதவில்லை. ஆண்கள் புக்காரெஸ்ட், கான்ஸ்டான்டிநோபிள், ருஷ்யா என்று பிழைக்கப் போனார்கள். பள்ளிக்கூடமாகவும் பாலமாகவும் நீரூற்றாகவும் பணம் திரும்பி வந்தது. விக்கோஸ் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் மொனோடெண்ட்ரி கிராமத்துச் சகோதரர்களான ரிஸாரிகள் ருஷ்யாவில் சம்பாதித்தார்கள். அந்தச் செல்வத்தில் ஏதென்ஸிலேயே ஒரு சமயக் கல்லூரி எழுந்தது. யானினாவின் கதையும் இதுவே. 1828இல் தொடங்கிய ஸோசிமாயா பள்ளி, வெளிநாட்டில் வணிகம் செய்த ஊர்க்காரச் சகோதரர்களின் கொடை. இதையெல்லாம் விட்டுவிட்டு வழிகாட்டிகள் அரைநாளை அலி பாஷாவுக்கே செலவிடுகிறார்கள். 1788 முதல் ஆண்ட அந்தக் கொடுங்கோலன் 1822இல் ஏரித்தீவின் மடாலயத்தில் கொல்லப்பட்டது சுவையான கதைதான். அதற்கு அரைமணி நேரம் போதும்.

'தனிமை இல்லாவிட்டால் இவை மிஞ்சியிருக்குமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் போர்களுக்குப் பிறகு மக்கள் வெளியேறி ஊர்கள் வெறிச்சோடின. கான்கிரீட் கட்ட ஆளில்லை. ஆனால் காத்தது வேறு, கட்டியது வேறு. காத்ததிலும் மனிதர் கை உண்டு. கிராமங்களுக்கு மேலே சரிவில் நிற்கும் காடுகளில் மரம் வெட்டுபவரைத் திருச்சபை சபிக்கும் என்று முன்னோர் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். மண் சரிந்து வீடுகள் மீது விழாமல் இருந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: பணம் கொடுத்தவனைப் பேசினால் உழைத்தவன் மறைந்துபோகிறான். உண்மை. பாலத்துக்குப் பெயர் கொடையாளியுடையது. கல் செதுக்கிய கொத்தனார் பெரும்பாலும் பெயரில்லாதவர். அவர்களும் ஊர் ஊராகப் போய் வேலை செய்தவர்களே. கோனித்சாவைச் சுற்றிய மலைக் கிராமங்களிலிருந்து குழுக்களாகக் கிளம்புவார்கள்.

ஆகவே முதலில் யானினாவில் இரண்டு நாள் தங்குங்கள், பிறகு மலையேறுங்கள். நேரமிருந்தால் கோனித்சா வரை போய்விடுங்கள். அங்கே ஆவோஸ் ஆற்றின்மேல் சுமார் 20 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒற்றை வளைவுப் பாலத்தைக் கட்டிய கொத்தனாரின் பெயர் தெரியும்: ஸியோகாஸ் ஃப்ரோன்ட்சோஸ். வளைவின் அடியில் ஒரு சிறு மணி தொங்குகிறது. பலத்த காற்றில் அது தானே அடித்தால் பாலத்தில் கால் வைக்கக் கூடாது என்று அர்த்தம்.