ஓம்புயிரும் ஒளிகாப்பும்

தன்னகத்தே பிறிதோர் உயிர்க்கு உறையுள் அளிக்கும் உயிரினை உயிர்நூலார் 'ஓம்புயிர்' என்பர். விருந்தோம்பல் என்னும் வழக்கை உட்கொண்டு, இச்சொல்லை உணவளித்துப் பேணும் உயிர் எனக் கொள்வாரும் உளர். ஆயின், பாறைத்தொடர் ஆக்கும் பவள உயிர்களிடத்து இப்பொருள் பொருந்தாது. அங்கு, உள்ளுறையும் நுண்பாசியே கதிரொளியால் உணவு ஆக்கி, ஓம்புயிர்க்கு அதிற் பெரும்பகுதியை வழங்குகின்றது. அங்ஙனமாயின், ஓம்புயிர் ஓம்புவது யாது? அதனை ஈண்டு ஆராய்வாம்.

காட்டுப்பள்ளி, எண்ணூர்க் கடலோரத்தே நிற்பார் வண்டலால் கலங்கிய நீரினையே பெரிதும் காண்பர். பாசிக்கு ஒளி இன்றியமையாதது ஆகலின், அத்தகைய நீரில் பாறைத்தொடர் தழைத்தல் அரிது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவிலோ, 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற 21 தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற நீரில் அவை வாழ்கின்றன. அணிகலனாகும் செம்பவளம் இதனின் வேறு. அது பாசித்துணையின்றி ஒளி குன்றிய இடத்தும் வாழும்.

வேண்டிய ஒளியே மிகுமாயின் நஞ்சாம். பாசி பயன்கொள்ள இயலாத ஒளியாற்றல் தீங்கு செய்யும் உயிர்வளி வகைகளைத் தோற்றுவித்து, அதன் ஒளிச்சேர்க்கை உறுப்புகளைச் சிதைக்கும். இதனைத் தடுக்கப் பவள உயிர் பல வழிகளை மேற்கொள்கின்றது. உடலைச் சுருக்கிப் பாசிக்கு நிழல் செய்யும். அதன் திசுவிலுள்ள மைக்கோசுபோரின் வகை அமினோ அமிலங்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சும். ஒளிரும் புரதங்கள் மிகையொளியை ஏற்று, ஆற்றல் குறைந்த வேறு நிற ஒளியாக வெளிவிடும். இப்புரதங்கள் ஒளிகாப்புக்கு உதவுவன என்பதை ஆத்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஆய்ந்தோர் 2000இல் வெளியிட்டனர். இலட்சத்தீவுக் கடலில் வாழும் பெருஞ்சிப்பியோ, தன் மேலுறையிலுள்ள நுண்ணிய உயிரணுக்களால் பாசிக்குப் பயன்படாத ஒளியைத் திருப்பியனுப்பிப் பயன்படுவதனை உள்ளே பரப்பும்.

இக்காவற்கும் எல்லை உண்டு. கடல்நீர் வெம்மையுறின், பாசி முன்னர்த் தாங்கிய ஒளியையும் தாங்காது; உறவு முறிந்து பாசி நீங்கப் பவளம் வெளிறும். மன்னார் வளைகுடா 2010இலும் 2016இலும் இந்நிலையை எய்தியது. வெளிறிய வெண்கூடு ஒளியை மேலும் சிதறடித்தலின், மீண்டு வரும் பாசிக்கு இடர் பெருகும். அப்போது சில பவளங்கள் நிறப்புரதங்களை மிகுவித்து ஒளியைக் குறைக்கும். நீங்கிய பாசி மீண்டும் குடிபுக அது துணையாம் என 2020இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. ஆயினும் வெம்மை நீடிப்பின் பவளம் மடியும்.

ஓம்புதற்குக் காத்தல் என்னும் பொருளோடு விலக்குதல் என்னும் பொருளும் உண்டு. திருக்குறளின் தீநட்பு அதிகாரத்து இறுதிக் குறளில் வரும் 'ஓம்பல்' என்பதற்குப் பரிமேலழகர் இப்பின்னைய பொருளே கொண்டார். பாசியைக் காத்தலும் மிகையொளியை விலக்கலும் பவளத்தின்கண் ஒரு செயலே. ஆதலின் 'ஓம்புயிர்' என்பது உணவளிப்பதனைக் குறியாதவிடத்தும் பொருந்திய கலைச்சொல்லே என்பது எம் துணிபு. கடலின் வெம்மையை விலக்குதல் மட்டும் அவ்வுயிரால் இயலாது. அவ்வோம்பல் மக்கள் கடனாம்.